கோப்பாய் குடும்பம் – ஸ்காபரோ கிளை

செவ்வாய், 2 செப்டம்பர் 2025

ராணி சித்தி: கிரஹாம் கிரீன் நேற்று மோசம் போயிட்டாராம் 🙏

பெரியப்பா: அந்தாள் 1991இலயே போயிட்டுதே. நாவல் எழுதினவர்

சுதன்: அது வேற ஆள் பெரியப்பா. இவர் கனடா நடிகர். ஒன்டாரியோ ஸ்ட்ராட்ஃபர்டில செத்தவர். 73 வயசு

பெரியப்பா: ஓ

அம்மா: ஆரடா அது? எங்கட ஆக்களோ?

தர்ஷி: ‘கிரீன் மைல்’ படத்தில முதல் ஆளா கரண்ட் கதிரையில இருத்துவினமே, அவர்தானம்மா

அம்மா: ஐயோ அவரோ

சுதன்: அவரும் என்னை மாதிரி பிளான் கீறுற வேலையில இருந்திட்டுத்தான் நடிக்க வந்தவர். நான் வெள்ளிக்கிழமை ஒஃபிசில கடிதம் குடுக்கிறன்

அம்மா: என்ன கடிதம்

பெரியப்பா: என்ன கடிதம்

ராணி சித்தி: 👀

சிவா மாமா: சுதன், பாதிக் கதை சொல்லாதை. அவர் ஒன்டாரியோ ஓஷ்வீக்கனில பிறந்த ஒனைடாப் பழங்குடி ஆள். பிளான் கீறினவர், இரும்பு வேலை செய்தவர், பாட்டுக் குழுக்களோட திரிஞ்சவர். டிவியில முதல் 1979, படத்தில 1983. 1990இல டான்ஸஸ் வித் வுல்வ்ஸ் வரேக்க வயசு 38. அந்தப் படத்துக்கு லகோட்டா பாஷையைப் பாடமாக்கினவர், அது அவற்ற பாஷையே இல்லை. ஒஸ்கார் நாமினேஷன் கிடைச்சும் பரிசு ஜோ பெஷிக்குப் போட்டுது. பிறகும் பொலிஸ், கைதி, ஊர்ப் பெரியவர் எண்டுதான் கனக்க வேஷம். 2007இல ஸ்ட்ராட்ஃபர்ட் மேடையில ஷேக்ஸ்பியர் நாடகத்தில ஷைலொக் வேஷம். 1979இலயிருந்து 1990, எத்தினை வருஷம்?

ராணி சித்தி: தம்பி மூச்சு விடு. கலியாண வீட்டில மைக் பிடிச்ச மாதிரி

தர்ஷி: 😂😂

பெரியப்பா: அந்தக் கலியாண ஹோல் காசில என்ர பங்கு இன்னும் வரேல்லை

அம்மா: அத்தான் அது முடிஞ்ச கதை

பெரியப்பா: ஆருக்கு முடிஞ்சது

சுதன்: ‘நெவர் ஹவ் ஐ எவர்’ சீரியல் மைத்ரேயிக்கு முதல் வேலையே லீட் ரோல்

சிவா மாமா: 15,000 பேர் விண்ணப்பிச்சு ஒருத்தி. மிச்ச ஆக்களை ஆர் எண்ணினது? அமெரிக்கக் கொம்பனி டொரொண்டோவில எடுத்தால் ஹீரோ அங்கயிருந்து வருவார். நீதவான், டொக்டர், பக்கத்து வீட்டுக்காரன்தான் இஞ்சத்தை ஆக்களுக்கு. கனடாப் படம் எண்டு வரிச்சலுகை எடுக்க, முக்கிய வேலையளில கனடியர் இருக்கிறதுக்குக் குடுக்கிற 10 புள்ளியில 6 வேணும், கூடச் சம்பளம் வாங்கிற ரெண்டு நடிகரில ஒருத்தராவது கனடியராயிருக்கோணும். அங்கதான் உங்களுக்கு வாசல் கொஞ்சம் அகலம். அக்ட்ரா எண்ட நடிகர் சங்க ஒப்பந்தத்தில 5 வரி வரைக்கும் ‘அக்டர்’, 6 வரியெண்டால் ‘பிரின்சிபல்’. ஒரு வரி எண்டால் 10 சொல் வரைக்கும். அந்த ஒரு வரியில நாட்கூலி நல்லா ஏறும், அதாலதான் எண்ணி எண்ணி எழுதுறவை. வந்த காசில ஏஜெண்டுக்கும் பங்கு போகும். வருஷ வரவு 30,000 டொலர் தாண்டினால் எச்எஸ்டி எண்ட விற்பனை வரிக்குப் பதியோணும்

அம்மா: வேலை இல்லாத மாசம்?

சிவா மாமா: சொந்தத் தொழில் கணக்கு அக்கா. வேலை போனாக்களுக்குக் குடுக்கிற வழக்கமான ஈஐ காசு வராது

அம்மா: 😔

தர்ஷி: சுதன், ஒஃபிசில 4 நாள் கேட்டுப் பாரன்

சுதன்: ஓடிஷன் எந்த நாள் வருமெண்டு தெரியாதே

சிவா மாமா: இப்ப கனக்க செல்ஃப்டேப்தான், வீட்டில போனில எடுத்து அனுப்பிறது. ராவில எடுக்கலாம்

சுதன்: நாளைக்கு மத்தியானம் 12க்கு ஒண்டு அனுப்போணும். கடைக்காரன் ரோல், 4 வரி

சிவா மாமா: போனைக் குறுக்கால வை. நெஞ்சுக்கு மேலதான் தெரியோணும். பின்னால சாம்பல் இல்லாட்டி நீலத் துணி, பெரியம்மாட பூக்கர்ட்டன் வேண்டாம். முகட்டு லைட்டை நூத்துப்போட்டு முன்னால ரெண்டு விளக்கு, இல்லாட்டிக் கண்ணுக்குக் கீழ கறுப்பு விழும். லென்சைப் பாராதை, அதுக்குப் பக்கத்தில பார். கனக்கப் பேர் கெடுக்கிறது எதிர் வசனம் வாசிக்கிற ஆளில: அவர் போனுக்குக் கிட்ட நிண்டால் அவற்ற குரல்தான் பெரிசாக் கேக்கும். பின்னுக்கு விடு, மெதுவா வாசிக்கச் சொல்லு

பெரியப்பா: கடைக்காரன் வேஷத்துக்கு இவ்வளவோ

சுதன்: ஆர் வாசிக்கிறது? தர்ஷிக்கு நைட் ஷிப்ட்

அம்மா: நான் வாசிக்கிறன். 9 மணிக்குப் பிறகு

பெரியப்பா: அப்ப கடிதம்?

அம்மா: அது ஞாயிற்றுக்கிழமை கதைப்பம்

சுதன்: வெள்ளி ஞாயிறுக்கு முதல்ல வருது அம்மா

ராணி சித்தி: ஞாயிறு சாப்பாட்டுக்கு ரோல்ஸ் 60 காணுமோ? பெரியப்பாவுக்கு மரக்கறி தனியா

பெரியப்பா: ஹோல் காசும் கொண்டு வாங்கோ