பிக்கப் மாட்டிய கிட்டாரில் முதல் இரண்டு கம்பி மட்டும் சத்தம் குறைவு, கூடவே இரைச்சல். உதவி வேண்டும்

தென்கடல்:
எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் பக்கம் இருந்து எழுதுகிறேன். கடல் தொழில், ஞாயிறு ஆனால் கோயில் பாடகர் குழுவில் கிட்டார். இத்தனை வருடம் கிட்டாருக்கு முன்னால் ஒரு மைக்கை நிறுத்தித்தான் காலத்தை ஓட்டினோம். நான் கொஞ்சம் நகர்ந்தால் சத்தம் போய்விடும், நகராமல் நின்றால் பக்கத்துத் தபேலா முழுதும் என் மைக்கில் ஏறிவிடும். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் கரையில்தானே கிடக்கப் போகிறோம் என்று ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்புகிற பொருள்) வாங்கி நானே மாட்டினேன். சேடிலுக்கு (கம்பிகள் மேலே படிந்து போகிற மெல்லிய துண்டு) அடியில் போகிற பீசோ குச்சி, பின்பக்க ஜாக்கோடு ஒட்டிய சின்ன ப்ரீஆம்ப் (குச்சியின் சத்தத்தைக் கூட்டி அனுப்புவது), 9 வோல்ட் பேட்டரி.

செய்தது இதுதான். வார் மாட்டும் பின்னைக் கழற்றி அந்த ஓட்டையை 12 மில்லிக்குப் பெரிதாக்கினேன் (பாலிஷ் ஓரத்தில் கொஞ்சம் பெயர்ந்துவிட்டது, ஜாக்கின் வாஷர் மறைத்துக்கொண்டது). சேடில் பள்ளத்தில் முதல் கம்பி ஓரமாக 3 மில்லி பிட்டால் நேர் கீழே ஒரு ஓட்டை. குச்சி உள்ளே போனதால் சேடில் உயர்ந்துவிடும் என்று அதன் அடியை உப்புத்தாளில் தேய்த்துக் குறைத்தேன். திரும்பப் போடும்போது இறுக்கமாக இருந்தது, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டி இறக்கினேன். ஜாக்கை உள்ளே இருந்து ஓட்டைக்குக் கொண்டுவரத்தான் அரை மணி நேரம் போனது. கடைசியில் வெளியே இருந்து தங்கூசி நரம்பை விட்டு, வாய்த்துளை வழியாக எடுத்து ஜாக்கில் கட்டி இழுத்தேன், ஒரே இழுப்பில் வந்தது.

இப்போது ஆறிலிருந்து மூன்றாம் கம்பி வரை நன்றாகக் கேட்கிறது. இரண்டும் ஒன்றும் பக்கத்துத் தெருவில் யாரோ வாசிக்கிற மாதிரி. அதோடு விடாமல் ஒரு 'ம்ம்ம்ம்' இரைச்சல். ஜாக்கின் இரும்பைத் தொட்டால் பாதியாகிறது, கம்பியைத் தொட்டால் எந்த மாற்றமும் இல்லை. கேபிள் மாற்றிப் பார்த்தாயிற்று. கடையில் கேட்டால் பிக்கப்பே கோளாறாக இருக்கும், ஆனால் மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். பத்து நாளில் கொடியேற்றம். என்ன செய்யலாம்?

மைக்செட்:
தம்பி, எதில் சொருகினாய்? கோயில் ஆம்ப் மட்டுமா, வேறு எதிலாவது போட்டுப் பார்த்தாயா? பேட்டரி புதிதா? இதைச் சொல்லாமல் பிக்கப்பைக் குறை சொல்ல முடியாது.

தென்கடல்:
கோயில் மிக்சர் ஆம்ப்தான் அண்ணே, வேறு எதுவும் இல்லை. பேட்டரி போன வாரம் போட்டது, ஆனால் கேபிளைச் சொருகியபடியே இரண்டு ராத்திரி விட்டுவிட்டேன்.

மைக்செட்:
அப்போது பேட்டரி போயிருக்கலாம். அந்த ஜாக்கில் தனி சுவிட்ச் கிடையாது. நீ கேபிளைச் சொருகும்போதுதான் பேட்டரியின் மைனஸ் சேர்ந்து ப்ரீஆம்ப் உயிர்பெறும். சொருகி வைத்தால் ராத்திரி முழுக்க லைட்டை எரியவிட்ட மாதிரி. முதலில் அதை மாற்று.

மரத்தச்சன்:
கம்பி விஷயத்தை நான் சொல்கிறேன். மண்டபத்தில் தச்சுப் பட்டறை, கிட்டாரும் கொஞ்சம் பார்ப்பேன். பிக்கப் பெரும்பாலும் கெட்டிருக்காது. சேடிலுக்கு அடியில் போகிற குச்சிக்கு ஒரே ஒரு வேலைதான், மேலே இருந்து வருகிற அழுத்தத்தின் அதிர்வைக் கரண்டாக மாற்றுவது. அழுத்தம் எங்கே குறைகிறதோ அங்கே சத்தம் குறையும். நீ சொன்னதிலேயே மூன்று சந்தேகம் எனக்கு இருக்கிறது.

சேடிலின் அடியைக் கையில் பிடித்துத்தானே தேய்த்தாய்? கையில் பிடித்துத் தேய்த்தால் நடுவில் நிற்கும், இரண்டு ஓரமும் தேய்ந்துவிடும். வள்ளத்தின் அடி மாதிரி ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை அடியில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார், எங்கே ஒளி கசிகிறதோ அங்கேதான் உன் இரண்டு கம்பியும் இருக்கும்.

இரண்டாவது, தட்டி இறக்கினேன் என்றாயே, அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். சேடில் பள்ளத்துக்குள் விரலால் அழுத்தினால் இறங்கவும், கிட்டாரைக் கவிழ்த்தால் விழாமல் நிற்கவும் வேண்டும். இறுக்கமாக மாட்டிக்கொண்டால் கம்பியின் பாரத்தை பள்ளத்தின் பக்கச் சுவர் தாங்கிக்கொள்ளும், கீழே குச்சிக்கு ஒன்றும் போகாது.

மூன்றாவது அந்த ஓட்டை. நேர் கீழே துளைத்தால் குச்சி அந்த முனையில் செங்குத்தாக மடங்கும், மடங்குகிற இடத்தில் சின்னதாகத் திமில் எழும். திமில் சேடிலை அந்த ஓரத்தில் தூக்கிப் பிடிக்க, பக்கத்தில் இருக்கிற கம்பிக்குக் கீழே காற்றுதான் இருக்கும். ஓட்டையைச் சாய்வாகப் போட்டிருக்க வேண்டும். இப்போது மேல் உதட்டை மட்டும் ஊசி அரத்தால் சரிவாக இழைத்துவிடு, புது ஓட்டை வேண்டாம்.

எதைச் செய்வதற்கு முன்னாலும் ஒரு சோதனை. கம்பிகளைத் தளர்த்தி சேடிலை எடு, குச்சி பள்ளத்திலேயே இருக்கட்டும். ஆம்ப்பைக் குறைந்த சத்தத்தில் வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் குச்சியின் மேல் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் தட்டிக்கொண்டே போ. எல்லா இடத்திலும் ஒரே அளவு 'டொப்' கேட்டால் குச்சி நல்ல குச்சி.

தொண்டி டீச்சர்:
எனக்கும் பள்ளி கிட்டாரில் இதே பிரச்சினை வந்தது. சத்தம் குறைகிற கம்பிக்கு நேராகச் சேடிலுக்கு அடியில் சிகரெட் தாள் கனத்தில் ஒரு காகிதத் துண்டு வைத்தேன், சரியாகிவிட்டது. பத்து நிமிட வேலை. கொடியேற்றத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்றால் இதையே செய்யலாமே?

மரத்தச்சன்:
டீச்சர், அவசரத்துக்கு ஓடும், தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் நம் கடற்கரையில் காகிதம் ஈரத்தை உறிஞ்சி நசுங்கிவிடும், வாடைக்காற்று தொடங்கினால் திரும்பப் பழைய கதை. அடி சமமாக இல்லாத இடத்தில் எத்தனை காகிதம் வைத்தாலும் ஆடுகிற மேசைக்கு அட்டை சொருகுகிற வேலைதான்.

தொண்டி டீச்சர்:
எனக்கு இரண்டு வருடமாக ஓடுகிறது. ஆனால் எங்கள் கிட்டார் பீரோவுக்குள் இருக்கும், இவர் கிட்டார் கடற்கரையில் இருக்கும் போல!

தென்கடல்:
டீச்சர், வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே வலை காயப்போடும் இடம்தான் இருக்கிறது.

அண்ணே, சோதனை செய்துவிட்டேன். ரப்பரால் தட்டினால் எல்லா இடத்திலும் ஒரே சத்தம். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொன்னது அப்படியே, இரண்டு ஓரமும் ஒளி தெரிகிறது, முதல் கம்பி ஓரம் ரொம்ப அதிகம். குச்சியும் ஓட்டைக்குப் பக்கத்தில் மேலே எழும்பி நிற்கிறது. இன்னொன்று, பள்ளத்துக்குள் நான் துளைத்த மரத்தூள் அப்படியே கிடந்தது, ஈரத்தில் கட்டியாகி இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

சேடில் இனி தேறாது என்று நினைக்கிறேன். கீழக்கரையில் சங்கு அறுக்கிறவர் ஒருவரைத் தெரியும். சங்கில் சேடில் வெட்டலாமா?

மரத்தச்சன்:
ஆசை நல்ல ஆசை. ஆனால் சேடிலுக்கு ஏழு சென்டிமீட்டருக்கு மேல் நேரான துண்டு வேண்டும், சங்கோ வளைந்தது. அப்படியே கிடைத்தாலும் அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், முகமூடி இல்லாமல் கை வைக்காதே. கடையில் எலும்புச் சேடில் வாங்கு, பள்ளத்தைவிட ஒரு மயிரிழை தடிமன் கூடுதலாக, பக்கத்தைத் தேய்த்து விரலால் இறங்குகிற அளவுக்குக் கொண்டுவரலாம். இந்த முறை உப்புத்தாளைக் கையில் எடுக்காதே, தடிமனான கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டு, அதன் மேல் சேடிலை ஒரு சின்னச் சதுரக் கட்டையோடு சேர்த்துப் பிடித்து நேராக இழு. அடியில் பென்சிலால் கோடு கோடாகக் கிறுக்கிக்கொள், எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் அழிகிறதா என்று பார். ஓரத்தில் கோடு மிஞ்சினால் இன்னும் சமமாகவில்லை.

உச்சிப்புளி பையன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பிக்கப் எல்லாம் வாங்கவில்லை, எலக்ட்ரானிக்ஸ் கடையில் பஸ்ஸருக்குப் போடுகிற 27 மில்லி பித்தளை வில்லை இரண்டு வாங்கி பிரிட்ஜுக்கு (சேடில் உட்கார்ந்திருக்கிற கட்டை) அடியில் உள்பக்கமாக ஃபெவிக்விக்கில் ஒட்டி நேராக மிக்சரில் சொருகினேன். கம்பி எல்லாம் சமமாகத்தான் கேட்கிறது, ஆனால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது, பேஸே இல்லை. நல்ல வில்லை வாங்கினால் சரியாகுமா?

கீழக்கரை காக்கா:
வில்லையில் குறை இல்லை, தம்பி. துபாயில் முப்பது வருடம் இந்த வேலைதான் பார்த்தேன், சொல்கிறேன் கேள். பீசோ வில்லை மின்சாரக் கணக்கில் ஒரு கண்டென்ஸர் மாதிரி. என்னிடம் இருந்த 27 மில்லி வில்லை ஒன்றை மீட்டரில் வைத்தால் 20 நானோஃபாரட் அளவில் காட்டியது. உன் மிக்சரின் லைன் உள்ளீடு 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொள். வில்லையும் உள்ளீடும் சேர்ந்தால் ஒரு ஃபில்டர், 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போகும். ஆறாவது கம்பியை அமுக்காமல் மீட்டினால் 82 ஹெர்ட்ஸ். முதல் கம்பியே 330தான். ஆக நீ வாசிப்பதில் பாதி அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது, உள்ளே போவது கீச்சுக் கீச்சு மட்டும்.

அதே வில்லையை 1 மெகா ஓம் உள்ளீட்டில் போடு, அந்த 800 என்பது 8 ஆகிவிடும். மிக்சரில் கிட்டார் படம் போட்டோ ஹை-ஸீ (Hi-Z) என்று எழுதியோ ஒரு சுவிட்ச் இருக்கிறதா பார். இல்லையென்றால் இடையில் ஒரு ஆக்டிவ் டி.ஐ. பெட்டி (கிட்டாரை மிக்சருக்குப் பொருந்தும்படி மாற்றித் தருவது), அல்லது டி.எல்.072 ஐ.சி. வைத்து அதே வேலைக்கு நீயே ஒரு பஃபர் கட்டிக்கொள்ளலாம், ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். வில்லையிலிருந்து போகிற வயர் ஷீல்டு வயராக இருக்கட்டும். சாதா வயர் போட்டால் டியூப்லைட் இரைச்சலையும் சேர்த்துப் பாடும்.

இந்த பீசோ குணத்தை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் சோதித்துப் பார்த்ததில் ஒரு வகை உப்பும் உண்டு, ரோஷல் உப்பு. வாலிநோக்கம் உப்பளத்தில் தேடாதே, அது வேறு உப்பு.

உச்சிப்புளி பையன்:
காக்கா, சுவிட்ச் இருக்கிறது! நாலாவது சேனலில் மட்டும். இத்தனை நாள் இரண்டாவது சேனலில் போட்டுக்கொண்டிருந்தேன். பேஸ் வந்துவிட்டது. இப்போது சத்தம் கூட்டினால் 'ஊ' என்று ஊளையிடுகிறது.

கீழக்கரை காக்கா:
அது ஃபீட்பேக், ஸ்பீக்கர் சத்தம் திரும்பக் கிட்டாரில் ஏறிச் சுற்றுகிறது. கிட்டார் வயிற்றுக்குள் இருக்கிற காற்று தன் பங்குக்கு 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிரும். ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்காதே, வாய்த்துளைக்கு ரப்பர் மூடி போடு, மிக்சரில் பேஸைக் கொஞ்சம் இறக்கு. வந்த பேஸை இப்போது குறைக்கச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

மைக்செட்:
சரி, பாம்பன் தம்பியின் இரைச்சலுக்கு வருவோம். கம்பியைத் தொட்டால் மாறவில்லை, ஜாக்கைத் தொட்டால் பாதியாகிறது என்றாய். பீசோவில் கம்பி எதோடும் இணைந்திருக்காது, அதனால் அது சரிதான். ஜாக்கைத் தொட்டால் குறைகிறது என்றால், அங்கே இல்லாத எர்த்தை உன் உடம்பு கொடுக்கிறது. யாரிடமாவது பேட்டரியில் ஓடுகிற சின்ன ஸ்பீக்கர் இருந்தால் அதில் சொருகிப் பார். அதில் இரைச்சல் இல்லையென்றால் கிட்டாரைத் தொடாதே, கோயில் ஆம்ப்பின் பிளக்கைப் போய்ப் பார். அப்புறம் ஒரு கேள்வி. பாடும்போது மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறதா?

தென்கடல்:
அண்ணே, உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது குரல் பாடுகிற அக்கா ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். பஞ்சு உறை போட்டுவிட்டோம்.

மைக்செட்:
பஞ்சு உறையா! தம்பி, இன்றைக்கே அந்த ஆம்ப்பை நிறுத்து. கிட்டாரில் கை, மைக்கில் வாய் என்று நிற்கிற ஆள் நீதான், இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால் நெஞ்சு வழியாகத்தான் போகும். பிளக்கில் எர்த்துக்கான பெரிய பின் இருக்கிறதா பார், பல இடத்தில் இரண்டு பின் கன்வர்ட்டர் போட்டு ஓட்டுவார்கள், இல்லையென்றால் இரைச்சல் போகட்டும் என்று எர்த் பின்னையே வெட்டிவிடுவார்கள். வயரிங் ஆளைக் கூப்பிட்டு சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று சோதிக்கச் சொல். பின் இருந்தும் உள்ளே வயரே இல்லாத கோயிலையும் மண்டபத்தையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தென்கடல்:
ஆறு நாள் கழித்து வருகிறேன். முதலில் ஆம்ப். பேட்டரி ஸ்பீக்கரில் ஒரு பொட்டு இரைச்சல் இல்லை, கிட்டார் சுத்தம். கோயில் பிளக்கில் மூன்று பின்னும் இருந்தது, ஆனால் வயரிங் அண்ணன் சாக்கெட்டைக் கழற்றினால் எர்த் வயர் பச்சைப் பொடியாகி டெர்மினலை விட்டு வெளியே தொங்குகிறது. உப்புக்காற்று தின்றுவிட்டது. வெளியே எர்த் குழியில் இருந்து வருகிற கம்பியும் அறுந்திருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டார். இரைச்சல் போயே போய்விட்டது. அக்கா பஞ்சு உறையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை.

சேடில் விஷயம். எலும்புச் சேடில் மதுரையிலிருந்து வரவழைத்தேன். முதல் தடவை கண்ணாடியில் இழுத்தபோது நடுவில் கோடு அழிந்து ஓரத்தில் நின்றது, அப்போதுதான் என் கை எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்தது. கட்டையைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுத்தேன், ஒரு மணி நேரம் ஆனது. பள்ளத்தைப் பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஓட்டை உதட்டைச் சரிவாக இழைத்தேன், குச்சி இப்போது படுத்துக் கிடக்கிறது. ஆறு கம்பியும் கேட்கிறது. இரண்டாவது மட்டும் இன்னும் ஒரு துளி கம்மி மாதிரி எனக்குத் தோன்றுகிறது, மற்றவர்கள் இல்லை என்கிறார்கள்.

மரத்தச்சன்:
புது சேடில் உட்கார இரண்டு நாள் எடுக்கும். கம்பியைத் தளர்த்தி ஒருமுறை திரும்ப முறுக்கு. அப்படியும் கம்மி என்றால் டீச்சரின் காகிதத்தை வை, நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

தொண்டி டீச்சர்:
இதை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

மைக்செட்:
பேட்டரி கிளிப்பையும் பார்த்துக்கொள் தம்பி, சாக்கெட் வயரைத் தின்ற காற்று அதை விட்டுவைக்காது. கொடியேற்றத்தன்று கையில் ஒரு புது பேட்டரி இருக்கட்டும். அப்புறம், வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடு.