இரவிகுளத்தில் நடக்க வழி சொல்லுங்களேன்

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். மே மாதம் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். தேனி, போடிமெட்டு வழியாக மூணாறு வரை பாதை தெரியும், அதற்கப்பால்தான் குழப்பம்.

போன தடவை ராஜமலையில் வனத்துறை பஸ்ஸில் ஏற்றிப்போய், சாலையில் சிறிது தூரம் நடக்கவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரையாடு என்னவோ கைக்கெட்டும் தூரத்தில் நின்றது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தைப்பூசத்துக்குப் பழனி வரை நடக்கிற கால்களுக்கு அது எம்மாத்திரம்? 2,695 மீட்டர் ஆனைமுடியை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

புல்வெளியும் சோலைக்காடும் மாறிமாறி வருகிற பகுதியில், வழிகாட்டியோடு அரைநாளாவது நடக்க அனுமதி கிடைக்குமா? யாரிடம், எத்தனை நாள் முன்னதாகக் கேட்க வேண்டும்? லக்கம் அருவிப் பக்கம் நடந்தவர்கள் உண்டா? அட்டைக்கடிக்கு என்ன செய்தீர்கள்?

அப்பத்தாவும் வருகிறார், வயது 72. பிரான்மலை ஏறியவர்; எங்களைவிட முன்னால் போவார். இருந்தாலும் ஏற்றம் குறைந்த பாதையாகச் சொல்லுங்கள், மூச்சு வாங்கப்போவது நான்தான்.

2018இல் பூத்த குறிஞ்சி இனி 2030இல்தான் என்று தெரியும். அதுவரை பொறுத்திருக்கச் சொல்லிவிடாதீர்கள்!