டேலி சர்வர், பேக்கப் டிஸ்க் இரண்டும் லாக் ஆகிவிட்டன. எந்த வரிசையில் என்ன செய்வது?

சேகோ_ஆத்தூர்ரோடு

சேலம் – ஆத்தூர் ரோட்டில் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி. ஆபீஸில் ஐந்து கம்ப்யூட்டர், அதில் ஒன்று டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) சர்வர், விண்டோஸ் 10. காலையில் திறந்தால் எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள், ஒவ்வொரு ஃபோல்டரிலும் பிட்காயின் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். தினமும் பேக்கப் எடுக்கிற யு.எஸ்.பி டிஸ்க் சர்வரிலேயே செருகி இருந்தது, அதுவும் போய்விட்டது. ஆடிட்டர் ஆபீஸில் இருந்து பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப் திறந்திருந்தது. சர்வீஸ்காரர் ஃபார்மேட் போட்டுத் தருகிறேன் என்கிறார். எடை மேடை கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் ஓடுகிறது, மரவள்ளிக் கிழங்கு வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லீபஜார்_நெட்வொர்க்

இது ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ். ஃபார்மேட் மட்டும் வேண்டாங்க. அதைச் செய்தால் திரும்ப எடுக்கும் வாய்ப்பும் போகும், எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்கிற தடயமும் போகும்.

முதல் வேலை, எடை மேடை கம்ப்யூட்டரின் லேன் கேபிளைப் பிடுங்குங்கள். இண்டிகேட்டரில் (எடையைக் காட்டுகிற பெட்டி) இருந்து எடை வருவது சீரியல் கேபிள் வழியாகத்தான், அதற்கு நெட்வொர்க் தேவையில்லை. சாஃப்ட்வேர் சர்வரைத் தேடி நின்றுவிட்டால் இண்டிகேட்டரில் தெரிகிற எடையையும் கிழங்கின் பாயிண்ட்டையும் (மாவுச்சத்து அளவு) கார்பன் வைத்த பில் புத்தகத்தில் கையால் எழுதுங்கள். வண்டிகள் நிற்க வேண்டியதில்லை. அடுத்து நெட்வொர்க் ஸ்விட்ச்சில் இருக்கிற எல்லா கேபிளையும் கழற்றி, வைஃபை ரவுட்டரையும் அணையுங்கள்.

சர்வரை உடனே ஆஃப் செய்யாதீர்கள். சில வகை ரான்சம்வேரில், பூட்டைத் திறக்கிற சாவி மெமரியில் தங்கியிருக்கும். ஆனால் கேபிளைக் கழற்றிய பிறகும் புதிது புதிதாக ஃபைல்கள் லாக் ஆகிக்கொண்டே இருந்தால் பவரை நிறுத்துவதுதான் சரி. மிரட்டல் ஸ்க்ரீனை போனில் படம் எடுங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி லாகை (யார் எப்போது நுழைந்தார்கள் என்கிற பதிவு) ஒரு புது பென் டிரைவில் சேமியுங்கள் (அந்த பென் டிரைவை வேறு எதிலும் செருகாதீர்கள்). அந்த லாகின் அளவு சாதாரணமாக 20 எம்.பி.தான், நிறைந்ததும் பழையது அழிந்துகொண்டே போகும். அதில் 4625 (தோற்ற லாகின்) என்ற எண் நூற்றுக்கணக்கில் வந்து, பிறகு ஒரு 4624 (வெற்றி பெற்ற லாகின்), லாகான் டைப் 10 என்று இருந்தால், பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்திருக்கிறார்கள் என்று பொருள்.

பிறகு சர்வர் டிஸ்க்கைக் கழற்றி, அதே அளவோ பெரியதோ ஒரு புது டிஸ்க்குக்கு குளோன்ஜில்லா (டிஸ்க் நகல் எடுக்கிற இலவச டூல்) வைத்து முழு நகல் எடுங்கள். பேக்கப் டிஸ்க்குக்கும் அப்படியே. அசல் இரண்டிலும் தேதி எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள். எந்த முயற்சியும் நகலில்தான். பழைய சுழல் டிஸ்க்காக இருந்தால், வைரஸ் புது ஃபைல் எழுதிவிட்டு அசலை டெலீட் மட்டும் செய்திருக்கலாம், ரிகவரி டூலில் கொஞ்சம் கிடைக்கும். எஸ்.எஸ்.டி.யில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

நோ மோர் ரான்சம் தளத்தில் லாக் ஆன ஃபைல் ஒன்றையும் மிரட்டல் கடிதத்தையும் ஏற்றினால் எந்த வகை, இலவசச் சாவி உண்டா என்று சொல்லும். பேங்க் விவரம் இல்லாத ஃபைலாகப் பார்த்து ஏற்றுங்கள். இன்று சாவி இல்லை என்றாலும் நகலைத் தூக்கிப் போடாதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவே அதிகம் பரவிய ஃபோபோஸ் வகைக்குப் பல வருடம் வழியே இல்லாமல் இருந்து, 2025 ஜூலையில் ஜப்பான் போலீஸ் இலவச டூல் வெளியிட்டது.

ஆடிட்_அஸ்தம்பட்டி

புகார் பற்றிச் சொல்கிறேன். சர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி, கம்பெனிகள் இப்படிப்பட்ட தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், லாகுகளை, அதாவது கம்ப்யூட்டர் பதிவுகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும். தேசிய சைபர் கிரைம் போர்டலிலும் பதிவு செய்து ரசீது எடுங்கள், பிற்பாடு ஜி.எஸ்.டி., வருமான வரி நோட்டீஸ் வந்தால் கணக்கு ஏன் இல்லை என்பதற்கு அதுதான் ஆதாரம். வேறு கம்ப்யூட்டரில் இருந்து, அதாவது ஆபீஸுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றில் இருந்து, பேங்க், ஜி.எஸ்.டி., மெயில் பாஸ்வேர்டுகளை இன்றே மாற்றுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அவர்கள் கையில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைத் திரும்பக் கட்டலாம். ஜவ்வரிசி விற்பனை ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னிலும் ஈ-வே பில்லிலும் இருக்கும். மூட்டை, ஸ்பேர் பார்ட்ஸ் போன்றவற்றில் ஜி.எஸ்.டி. உள்ளவை ஜி.எஸ்.டி.ஆர்-2பி.யில் (நீங்கள் வாங்கியதைக் காட்டுகிற அறிக்கை) வரும். டீசல் வராது, அதற்கு பங்க் பில்தான். பெரிய ஓட்டை கிழங்குக் கொள்முதல்: விவசாயியிடம் வாங்குவது எந்தப் போர்டலிலும் ஏறாது. அதற்கு எடைச் சீட்டின் கார்பன் பிரதியும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான் கதி. ஆகவே இன்றைக்கே எடைச் சீட்டுப் புத்தகங்களை ஓரிடத்தில் சேர்த்துப் பூட்டுங்கள். எடை மேடை கம்ப்யூட்டரில் இருக்கிற டேட்டாவையும் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்துவிடுங்கள்.

பணம் கட்டச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள். கட்டியும் சாவி வராமல் போகிறது, வந்த சாவி டேட்டாவைச் சிதைத்தும் தருகிறது. நூறு சதவீதம் மீட்டுத் தருவோம் என்கிற ரிகவரி கடைகளிடம் எப்படி என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால், அவர்களே திருடனுக்குப் பணம் கட்டி, மேலே கமிஷன் வைத்து உங்களிடம் வாங்கப்போகிறார்கள் என்ற சந்தேகம் நியாயமானது.

சேகோ_ஆத்தூர்ரோடு

லாகில் 4625 வரிசையாக இருக்கிறது. ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட் 3389ஐ வேறு போர்ட் நம்பராக மாற்றித்தானே வைத்திருந்தோம்?

லீபஜார்_நெட்வொர்க்

நம்பர் மாற்றுவது பாதுகாப்பே இல்லைங்க. இணையத்தில் எல்லா போர்ட்டையும் ஸ்கேன் செய்துகொண்டே இருக்கிறார்கள், எந்த நம்பரில் வைத்தாலும் பதில் சொல்வது ரிமோட் டெஸ்க்டாப் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளியில் இருந்து உள்ளே வர திறந்த வழி) அடியோடு எடுங்கள், அந்த வழியைத் தானாகவே திறந்துவிடுகிற யு.பி.என்.பி.யை அணையுங்கள். கேமரா டி.வி.ஆருக்குத் திறந்த போர்ட் இருந்தால் அதையும் மூடுங்கள். ஆடிட்டர் வர வேண்டுமென்றால் வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் வி.பி.என் (பூட்டிய தனி இணைப்பு) போட்டு, உள்ளே வந்த பிறகு ரிமோட் டெஸ்க்டாப். எனி டெஸ்க்கில் (தூரத்தில் இருந்து கம்ப்யூட்டரை இயக்குகிற சாஃப்ட்வேர்) யாரும் இல்லாதபோதும் நுழைவதற்கு நிரந்தரப் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், சாஃப்ட்வேர் சப்போர்ட் ஆட்கள் வைத்துவிட்டு மறந்துபோவது சகஜம்.

டேலி ஓட்டுகிறவர்கள் அட்மினிஸ்ட்ரேட்டராக லாகின் செய்யக் கூடாது. டேட்டா ஃபோல்டரை ‘எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்’ என்று பகிர்ந்திருப்பார்கள், எந்த கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தாலும் சர்வர் டேட்டா லாக் ஆக அது ஒன்றே போதும். டேலி பயனர்களின் பெயருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். விண்டோஸ் 10க்கு இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது, சர்வரைப் புதிதாகப் போடும்போது 11க்குப் போங்கள். கிராக் செய்த சாஃப்ட்வேர் ஒன்றுகூட வேண்டாம்.

பேக்கப்புக்கு இரண்டு டிஸ்க் வாங்குங்கள். எடுத்து முடித்ததும் கழற்ற வேண்டும், ஒன்று எப்போதும் முதலாளி வீட்டில் இருக்க வேண்டும். செருகியே இருக்கிற டிஸ்க் வைரஸுக்கு சி டிரைவ் மாதிரி இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். விண்டோஸே எடுத்து வைக்கிற ஷேடோ காப்பிகளையும் நம்பாதீர்கள், லாக் செய்வதற்கு முன்பே அவற்றை அழிக்கிற கட்டளையை ஓட்டிவிடுவார்கள்.

ஏற்காடு_எஸ்டேட்

இடையில் ஒரு கேள்வி. மலையில் நெட் மெதுவு, மழை பெய்தால் அதுவும் இல்லை. கூகுள் டிரைவில் டேலி ஃபோல்டரை சிங்க் செய்து வைத்தால் போதாதா?

லீபஜார்_நெட்வொர்க்

சிங்க் என்பது பேக்கப் இல்லைங்க. இங்கே லாக் ஆன ஃபைல் அங்கேயும் லாக் ஆனதாகவே ஏறும். பழைய வெர்ஷன் 30 நாள்வரை கிடைக்கும் என்றாலும் ஆயிரக்கணக்கான ஃபைலை ஒவ்வொன்றாக மீட்பது பெரும்பாடு. அதோடு, டேலி திறந்திருக்கும்போது சிங்க் ஓடினால் டேட்டா கெட்டுப்போகலாம். ரெஸ்டிக் மாதிரி மாறிய பகுதியை மட்டும் ஏற்றுகிற டூல் போடுங்கள். முதல் முழு நகலை சேலத்தில் நல்ல நெட் இருக்கிற இடத்தில் ஏற்றிவிட்டால், தினசரி போவது கொஞ்சம்தான். பேக்கப் ஏறுகிற கிளவுட் பக்கெட்டில் (சேமிப்பிடம்) ஆப்ஜெக்ட் லாக்கை (குறித்த நாள்வரை அழிக்கவிடாத பூட்டு) கம்ப்ளையன்ஸ் முறையில் 30 நாளுக்குப் போட்டு வையுங்கள். உங்கள் பாஸ்வேர்டே திருடு போனாலும் அதற்குள் பழைய பேக்கப்பை அழிக்க முடியாது.

ஆடிட்_அஸ்தம்பட்டி

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, ட்ரயல் பேலன்ஸை அன்றைய பிரிண்டோடு ஒப்பிடுங்கள். பேக்கப் முடிந்தது என்று ஸ்க்ரீனில் வந்தாலும், புது வருடத்துக்கு டேலியில் கம்பெனி டேட்டாவைப் பிரித்த பிறகு பழைய ஃபோல்டரையே எடுத்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிற தவறு. கடைசி வவுச்சரின் தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.