வட்டில் கொந்தளிப்பு இருந்தால் கோள் உருவாகுமா, கெட்டுப்போகுமா?

கேள்வி:
இளம் விண்மீனைச் சுற்றியுள்ள வாயு-தூசி வட்டில் கொந்தளிப்பு கோள் உருவாவதைக் கெடுக்கும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், இன்னொன்றில் அதுதான் தூசியைச் சேர்த்து வைக்கும் என்று இருக்கிறது. எது சரி?

பதில் 1:
இரண்டுமே சரிதான். துகள் எவ்வளவு பெரியது, கொந்தளிப்பு எவ்வளவு பலமானது என்பதைப் பொறுத்தது. மைக்ரான் அளவுத் தூசி வாயுவோடு சேர்ந்தே போகும், மெதுவாக மோதி ஒட்டிக்கொள்ளும். வளர்ந்த பிறகுதான் தொல்லை. வாயு சற்று மெதுவாகச் சுற்றுவதால் கட்டிக்கு எதிர்காற்று அடிக்கிறது, வேகம் இழந்து விண்மீனை நோக்கிச் சரிகிறது. பூமி இருக்கும் தூரத்தில் ஒரு மீட்டர் கட்டி சுமார் 100 ஆண்டுகளில் உள்ளே போய்விடும். இதோடு கொந்தளிப்பும் பலமாக இருந்தால் மோதல் வேகம் நொடிக்குப் பல பத்து மீட்டர் வரை ஏறும், சிலிக்கேட் கட்டிகளோ நொடிக்கு 1 மீட்டர் அளவிலேயே உடைய ஆரம்பித்துவிடும்.

பதில் 2:
மேலே சொன்ன தடையைத் தாண்ட 2005-ல் யூடின், குட்மன் என்ற வானியலாளர்கள் ஒரு வழி காட்டினார்கள். கூழாங்கல் அளவுத் துகள்கள் வாயுவையும் தங்களோடு முன்னோக்கி இழுத்துத் தாங்களே கூட்டமாகத் திரளும், அப்புறம் கூட்டம் தன் ஈர்ப்பிலேயே சுருங்கி நேராகப் பெரிய பாறையாகிவிடும். இதற்குத் தூசி வட்டின் தடிமனுக்கு நடுவே உள்ள தளத்தில் மெல்லிய அடுக்காகப் படிய வேண்டும், கொந்தளிப்போ அதைக் கிளறிக்கொண்டே இருக்கும். அடுக்கு மெல்லியதாக இருக்க முடியும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று எச்.எல். டவுரி என்ற இளம் விண்மீனின் வட்டு. 2014-ல் சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி எடுத்த படத்தில் அந்த வட்டு நமக்குச் சாய்ந்து தெரிகிறது. தூசி அடுக்கு தடிமனாக இருந்திருந்தால் சாய்ந்த பக்கத்தில் தூசி வளையங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் மங்கி மறைந்திருக்கும், ஆனால் அங்கும் தெளிவாகவே இருக்கின்றன. கணக்குப் போட்டால் 100 வானியல் அலகு (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) தூரத்தில் தடிமன் சுமார் 1 அலகுதான், அதாவது அங்கே கொந்தளிப்பு குறைவு.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் எல்லா வட்டுகளும் அமைதியானவையா?

பதில் 2:
இல்லை. எச்.டி. 163296 என்ற இளம் விண்மீனின் வட்டில் கொந்தளிப்பு வேகம் ஒலிவேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, டி.எம். டவுரி என்ற இன்னொன்றின் வட்டிலோ கிட்டத்தட்ட கால் பங்கு.

பதில் 3:
சேர்த்து வைப்பது என்று நீங்கள் படித்தது பெரிய சுழல்களையும் அழுத்த மேடுகளையும் பற்றியதாக இருக்கும். அழுத்தம் கூடிய இடத்தில் எதிர்காற்று நின்றுவிடும், சரிந்து வரும் கற்கள் அங்கேயே தங்கும். 2013-ல் ஐ.ஆர்.எஸ். 48 என்ற இளம் விண்மீனின் வட்டில் ஒரு பக்கமாகவே குவிந்த தூசியை அல்மா கண்டது அப்படி ஒரு பொறியைத்தான். என் கருத்தில், கெடுக்குமா உதவுமா என்பதைவிட அந்த வட்டில் எந்த இடத்தில் எவ்வளவு என்று கேட்பதுதான் பயன் தரும், ஏனென்றால் காந்தப்புலம் பிடிக்காத குளிர்ந்த உள்பகுதியில் காந்தத்தால் வரும் கொந்தளிப்பு அடங்கியே கிடக்கலாம், அயனியான (மின்னேற்றம் பெற்ற) மேற்பரப்பு அதே நேரம் நன்றாகவே கலங்கிக்கொண்டிருக்கும்.