மறுமொழி: ‘மாடல்’: உயிர்மாதிரியா, நிலையாளரா?

காரைக்குடியிலிருந்து:

> சிற்பியின் முன் அமரும் மாடலுக்கு ‘உயிர்மாதிரி’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

நான் தொகுக்கும் சிற்பக் கலைச்சொல் பட்டியலுக்கு நீங்கள் சொன்ன இந்தச் சொல் வேண்டாம், ஐயா. சிற்பக்கூடத்தில் ‘மாதிரி’க்கு ஏற்கெனவே இரண்டு வேலை இருக்கிறது: முதலில் பிடித்துப் பார்க்கும் சிறிய களிமண் உருவும் மாதிரி, கல்லுக்கு மாற்றுவதற்காகச் செய்யும் முழு அளவு உருவும் மாதிரி. பிரெஞ்சு ஓவியர் ழான்-லியோன் ஜெரோம் 1890-இல் வரைந்த ஓவியத்தில் (நியூயார்க், டஹேஷ் அருங்காட்சியகம்) சொல்லைப் பொருத்திப் பாருங்கள். ஜெரோமே சிற்பியாக நின்று, தம் ‘தனாக்ரா’ சிலையின் முழு அளவு பிளாஸ்டர் உருவில் வேலை செய்கிறார். பக்கத்தில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். இதற்குத் தமிழில் விளக்கம் எழுதினால் ‘மாதிரியைப் பார்த்து மாதிரியைத் திருத்துகிறார்’ என்று முடியும். உழைக்கும் ஒரு மனுஷியை அஃறிணையில் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை.

‘நிலையாளர்’ என்பது என் பரிந்துரை. சமபங்கம் (நேராக நிற்பது), திரிபங்கம் (மூன்று இடத்தில் வளைந்து நிற்பது) எல்லாம் நிலைகள்தாமே. ஒரு நிலையைக் கலையாமல் பிடித்திருப்பவர் நிலையாளர். அது லேசான வேலை இல்லை. 20 நிமிடம் நின்றால் 5 நிமிடம் ஓய்வு தர வேண்டும். ஓய்வுக்கு இறங்கும் முன் பாதங்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போடாவிட்டால் பழைய நிலை திரும்பாது. நேரம் ஆக ஆகத் தோள் இறங்கும், எடை தாங்கும் பக்கத்து இடுப்பு இன்னும் வெளியே தள்ளும். சிற்பி இதைக் கவனிக்காமல் களிமண்ணைத் தொடர்ந்து அப்பினால் தலை ஒரு நேரத்து நிலையிலும் இடுப்பு வேறொரு நேரத்து நிலையிலும் அமைந்து, சிலை சாய்ந்து நிற்கும். தொடங்கும்போதே தூக்குநூல் விட்டுக் கழுத்துக்குழியின் நேர்கீழே எடை தாங்கும் காலின் கணுக்கால் வருகிறதா என்று குறித்துக்கொண்டால், பிறகு கவராயத்தால் அளப்பதற்கும் அர்த்தம் இருக்கும்.

கண்டனூரிலிருந்து:

நிலையாளர் நன்று, ஆச்சி. ஆனால் அது ஆளைத்தான் குறிக்கிறது. முறைக்கும் ஒரு பெயர் தேவை. நம் செட்டிநாட்டு வீட்டு முகப்பில் கஜலட்சுமியைச் சுதையில் எடுத்தவர்களுக்கு எதிரே யாரும் அமரவில்லை. அவர்கள் கையில் இருந்தது, முக நீளத்தை அலகாக வைத்து உருவத்தை அளக்கும் தாளக் கணக்கு: தாளத்துக்கு 12 அங்குலம் (சிலைக்குள் அளக்கும் சிற்ப அங்குலம், இஞ்சு அல்ல), பத்துத் தாளத்தில் உயர்ந்த அளவான உத்தம தசதாளம் என்றால் 4 கூடி 124 அங்குலம். அதைத் ‘தாளமுறை’ என்றும், ஆளைப் பார்த்துச் செய்வதை ‘நேருரு முறை’ என்றும் சொன்னால் இரண்டும் தெளிவாகப் பிரியும். ‘நேருரு ஓவியம்’ என்று வரைகலைக்கும் நீளும்.

பட்டியலில், களிமண் உருவை உள்ளிருந்து தாங்கும் ஆர்மேச்சருக்கு ‘உட்சட்டகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை. மண் திருமேனிக்குள் நிறுத்தும் மரச்சட்டத்தை ஆகமங்கள் ‘சூலம்’ என்கின்றன. நேருரு முறையில் கம்பிச் சூலம் நிலையாளரின் முழங்கை, முழங்கால் மடிப்புக்கு உள்ளடங்கி வளைய வேண்டும். பிசகினால் பாதி வேலையில் கம்பி மண்ணுக்கு வெளியே தலைகாட்டும். மண்ணை ஈரத்துணியால் மூடாமல் விட்டாலும் கெடுதல்தான். மண் சுருங்கும், சூலம் சுருங்காது, வெடிப்பு விழும்.

காரைக்குடியிலிருந்து:

சூலம், நேருரு இரண்டையும் ஏற்கிறேன், ஐயா. உட்சட்டகத்தை நீக்கிவிட்டேன். நிலையாளர் மேடையையும் களிமண் பலகையையும் ஒரே அளவு திருப்ப உதவும் சுழலும் பீடத்துக்குச் ‘சுழல்பீடம்’ என்று சேர்த்திருக்கிறேன். குயவர் திகிரியோடு குழம்பும் என்று தோன்றினால் எழுதுங்கள்.