முதல் வருடமே 31 திராட்சைக் கொடி போய்விட்டது: மண்ணில் கோளாறா, என் பராமரிப்பில் கோளாறா?

புதுத்தோட்டம்:
போன வருடம் கால் ஏக்கரில் 120 ஒட்டுக்கன்று வைத்தேன். வரிசைக்கு வரிசை 3 மீட்டர், கொடிக்குக் கொடி இரண்டரை மீட்டர். இன்று காலை எண்ணிப் பார்த்தால் 31 இல்லை. மீதியிலும் பாதி முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. தண்ணீர் ஒரு நாள்கூடத் தவறவில்லை, தினமும் காலையில் ஊற்றினேன். மாதம் ஒரு முறை யூரியா வைத்தேன். இருந்தும் இலை வெளிறி, ஓரம் கருகி, அப்புறம் ஒரே வாரத்தில் செடி தொங்கிவிடுகிறது.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். போன இடத்தில் உடனே புதுக்கன்று வைக்கலாமா? நன்றாக ஏறிய சில கொடிகளில் பூங்கொத்து வந்திருக்கிறது, விடலாமா, கிள்ளிவிடலாமா?

கொடிநேசன்:
மனம் தளராதீர்கள். திராட்சை அடிப்படையில் காட்டுக்கொடி, மரத்தைப் பற்றி ஏறிப் பிழைத்த வம்சம். கல்லும் சரளையும் கிடக்கிற சத்தில்லாத நிலத்தில்கூட ஆண்டுக்கணக்கில் காய்க்கும். உங்கள் கொடிகளைக் கொன்றது மண் இல்லை, தினசரித் தண்ணீரும் மாதாந்திர யூரியாவும்தான். ஓரம் கருகுவது பெரும்பாலும் உப்பு ஏறியதன் அடையாளம்.

யூரியாவை நிறுத்துங்கள். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், இரண்டு கணு ஆழம் உலர்ந்தால் மட்டும் தண்ணீர். போன இடத்தில் உடனே கன்று வையுங்கள், பருவத்தை வீணாக்க வேண்டாம். வலுவான கொடியில் ஒரு கொத்து விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ரகம் சரிதானா என்றும் தெரிந்துவிடும்.

மண்முதல்:
தண்ணீர், யூரியா பற்றிச் சொன்னது சரி. ஆனால் "உடனே வையுங்கள்" என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. ஏன் செத்தது என்று தெரியாமல் அதே குழியில் இன்னொரு கன்றை இறக்குவது, அதையும் பலி கொடுப்பது.

கல் நிலத்தில் திராட்சை வருகிறது என்றால் காரணம் அங்கே சத்து குறைவு என்பதல்ல, தண்ணீர் தேங்குவதில்லை என்பதுதான். கொடிக்குச் சத்து குறைந்தால் மெதுவாக வளரும். வேருக்குக் காற்று கிடைக்காவிட்டால் செத்துப்போகும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். வரிசைக்கு நடுவில் 60 செ.மீ. ஆழக் குழி எடுத்துத் தண்ணீரால் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். 24 மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால், அடியில் கெட்டித்தட்டு, அதாவது தண்ணீர் இறங்காத இறுகிய மண் அடுக்கு, இருக்கிறது. அதை நடவுக்கு முன்பே, மண் காய்ந்திருக்கும்போது ஆழ உழுது உடைத்திருக்க வேண்டும். ஈரத்தில் உழுதால் உடையாது, இன்னும் இறுகும். புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு போடுவதும் அப்படித்தான். மேலே தூவினால் கீழே இறங்க வருடக்கணக்கில் ஆகும். கொடி நின்ற பிறகு வேருக்கடியில் போய் எதையும் திருத்த முடியாது. அதனால்தான் நடவுக்கு ஒரு வருடம் முன்பே மண் வேலையைத் தொடங்க வேண்டும் என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

செத்த கொடி ஒன்றையும் வேரோடு தோண்டிப் பாருங்கள். பிடுங்காதீர்கள், தோண்டுங்கள்.

கொடிநேசன்:
"ஒரு வருடம் மண் வேலை" என்றால் சிறிய தோட்டம் போட நினைப்பவர்களில் பாதிப் பேர் நடவே மாட்டார்கள், நண்பரே. வடிகால் முக்கியம், மறுக்கவில்லை. அதற்கு வரிசை நெடுக ஓரடி உயரத்துக்குக் கரை எழுப்பி, அதன் மேல் நட்டால் போதும். என் தோட்டத்துக் களிமண்ணில் அப்படித்தான் செய்தேன், ஆறாவது வருடமாகக் கொடி நிற்கிறது.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. இப்படி யோசனை கேட்பவர்களிடம் அடுத்து "எல்லாவற்றையும் இரண்டு மொட்டுக்கு வெட்டு" என்பார்கள். ஒரு வருடம் உயிரைக் கொடுத்து வளர்த்த தண்டை வெட்டுவானேன்? இலைதான் வேருக்குச் சாப்பாடு. இலை தாங்கும் தண்டைக் குறைத்தால் வேரும் குறையும்.

மண்முதல்:
இலை வேருக்குச் சாப்பாடு என்பது உண்மை. அதனால்தான் வளரும் பருவத்தில் முதல் வருடக் கொடியில் அதிகம் கை வைக்கக் கூடாது. நான் சொல்லும் கவாத்து ஓய்வுக் காலத்தில். அப்போது இலை உதிர்ந்து, சேர்த்த மாவுச்சத்து வேரிலும் அடித்தண்டிலும் தங்கியிருக்கும். இரண்டு மொட்டு விட்டு வெட்டினால் அந்தச் சேமிப்பு முழுவதும் இரண்டே தளிருக்குப் போகிறது. சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு குச்சியில் கட்டி ஏற்றினால், ஒரே பருவத்தில் நேராக, கொடி படரக் கட்டிய கம்பியைத் தொடும். வெட்டாமல் விட்ட மெலிந்த தண்டில் பத்துப் பதினைந்து மொட்டு ஒன்றாக விழிக்கும், ஒன்றும் உருப்படியாக வராது.

எல்லாவற்றையும் வெட்டச் சொல்லவில்லை. பென்சில் பருமனில், நன்கு பழுத்துப் பழுப்பேறிய தண்டு கம்பி வரை வந்திருந்தால் அதை வெட்டுவது முட்டாள்தனம். அங்கே கொடிநேசன் பக்கம்தான் நான்.

இலைக்காவல்:
இருவரும் வேரையே பேசுகிறீர்கள், இலையை ஒருவரும் கேட்கவில்லை. புதுத்தோட்டம், வெளிறிய இலையின் வடிவம் எப்படி? விசிறி மாதிரிக் குறுகி, ஓரம் பல் பல்லாக, நரம்புகள் நெருங்கி இருந்தால் 2,4-டி களைக்கொல்லி காற்றில் வந்திருக்கலாம். திராட்சை அதற்குத் துளிகூடத் தாங்காது, தூரத்து வயலில் அடித்தாலும் இளங்கொடி சுருண்டுவிடும். மேலே எண்ணெய்த் திட்டு, அடியில் வெள்ளைப் பூசணம் என்றால் அடிச்சாம்பல் நோய். மாவு தூவியது போல இருந்தால் சாம்பல் நோய்.

இந்த இரண்டையும் குழப்பாதீர்கள். அடிச்சாம்பலுக்கு இலை நனைய வேண்டும். தளிர் 10 செ.மீ., மழை 10 மி.மீ., வெப்பம் 10 டிகிரி, மூன்றும் சேர்ந்தால் உஷார் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. சாம்பல் நோய்க்கு மழையே தேவையில்லை, காற்றோட்டமில்லாத நிழல் போதும். முன்னதற்குத் தாமிர உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை, 1885-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மில்லார்டே எழுதியதிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பின்னதற்குக் கந்தகம், ஆனால் 32 டிகிரிக்கு மேல் அடித்தால் இலை வெந்துவிடும். தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும், ஆகவே தேவைக்கு மட்டும். காய் இல்லாத கொடிதானே என்று மருந்தைத் தள்ளிப்போடுகிறார்கள். இந்த வருடம் இலை போனால் அடுத்த வருடத்துக்குத் தண்டு பழுக்காது.

புதுத்தோட்டம்:
இலையில் திட்டோ மாவோ இல்லை, வடிவமும் சரியாகவே இருக்கிறது. சோதனைக் குழியில் மறுநாள் மதியமும் முழங்கால் ஆழம் தண்ணீர் நின்றது.

செத்த கொடியைத் தோண்டினேன். மழை முடிந்த வாரம் துளைக்கருவியால் போட்ட குழி அது. சுவர் இன்றும் பூசி மெழுகிய பானை உட்புறம் மாதிரி வழவழவென்று இருக்கிறது. வேர் ஒன்றுகூட அதைத் துளைக்கவில்லை. பையில் இருந்த வட்டத்திலேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. நுனி கறுத்து, தோல் கையோடு உரிந்தது, அழுகிய முட்டை வாடை. ஒட்டுக்கட்டு, அதாவது ஒட்டுப் போட்ட இடம், நான்கு விரற்கடை மண்ணுக்குள் இருந்தது, அதற்கு மேலே மட்டும் இரண்டு வெள்ளை வேர். உயிர் தேடி மேலே வந்திருக்கிறது பாவம். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மண்முதல்:
அந்த இரண்டு வெள்ளை வேர் மேல்குச்சியுடையது, அதாவது வேர்க்கொடியின் மேல் ஒட்டிய ரகத்தினுடையது. பிழைத்த கொடிகளிலும் ஒட்டுக்கட்டுக்கு மேலே மண்ணை விலக்கி, அப்படி வந்த வேரை வெட்டிவிடுங்கள். 1868-இல் தாவரவியலாளர் பிளான்ஷோனின் குழு பிரான்சில், திராட்சை வேரைத் தாக்கிக் கொடியைக் கொல்லும் ஃபைலோக்செரா பூச்சியை வேரில் கண்ட பிறகுதான், அதைத் தாங்கும் அமெரிக்கக் கொடி வேரில் ஒட்டுவது பரவியது. மேல்குச்சியே வேர்விட்டால் அந்தக் காவல் போய்விடும். ஒட்டு தரைக்கு மேல் நான்கு விரற்கடை நிற்க வேண்டும்.

கொடிநேசன்:
மெழுகின குழிச்சுவரை நான் யோசிக்கவே இல்லை. உடனே நடச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மண் காயட்டும், அப்புறம் சுவரைக் கடப்பாரையால் கொத்திக் கரை எழுப்புங்கள். நட்டதும் தூரைச் சுற்றி அரை மீட்டருக்குப் புல் முளைக்க விடாதீர்கள், இளவேர் புல்லோடு போட்டி போட முடியாது. கொத்து விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை. கம்பி தொட்ட கொடியில் ஒன்றை விடலாம்.

மண்முதல்:
வேர் மூச்சு முட்டியிருக்கும் தோட்டத்தில் ஒன்றுகூட வேண்டாம். ரகம் தெரிய இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம்.

புதுத்தோட்டம்:
மாலையே கத்தரிக்கோலோடு போய் எல்லாக் கொத்தையும் எடுத்துவிட்டேன், மொத்தம் பதினெட்டு. பென்சில் பருமன் தாண்டிய ஒன்பது கொடிக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன், அவற்றை வெட்டப் போவதில்லை. மீதி எல்லாம் ஓய்வுக் காலத்தில் இரண்டு மொட்டுக்கு. நாளைக்குச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் வடிகால் வாய்க்கால் வெட்ட ஆரம்பிக்கிறேன். 31 இடமும் இந்தப் பருவம் காலியாகவே கிடக்கட்டும்.