நேதாஜி ஏற்காட்டில் இருந்தாராம். பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

வணக்கம். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டி ஓய்ந்தவர் என் பெரியப்பா. நேதாஜி 1945 ஆகஸ்ட் 18 அன்று தைஹோகு (இன்றைய தைவானின் தைபே) விமான விபத்தில் இறக்கவில்லை, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் சாமியாராக வாழ்ந்தார் என்று சாதிக்கிறார். போன ஞாயிறு மலையேறும் பஸ்ஸில், பத்தாவது கொண்டை ஊசி வளைவுக்குள் பக்கத்து இருக்கைக்காரரையும் நம்பவைத்துவிட்டார். (அவர் பாவம், வாந்தியை அடக்கிக்கொண்டு தலையாட்டினார்.)

இதை விசாரிக்க அரசு அமைத்தவற்றில், 1956-இல் ஷாநவாஸ் குழுவும், பின்னர் கோஸ்லா ஆணையமும் விபத்தில்தான் இறந்தார் என்றன என்றேன். சட்டைப் பையிலிருந்து மடிப்பில் கிழிந்த செய்தித்தாள் துண்டை எடுத்து நீட்டினார்: முகர்ஜி ஆணையம். விபத்தில் இறக்கவில்லை என்று 2005-இல் அது சொன்னது உண்மைதான், அரசு ஏற்கவில்லை. ஆனால் ஏற்காடு எங்கிருந்து வந்தது? கேட்டால், "படித்த திமிர்" என்கிறார்.

அதே விமானத்தில் சென்று உயிர் தப்பிய ஹபிபுர் ரஹ்மானின் சாட்சியம் தமிழில் கிடைக்குமா? பெரியப்பா பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிப்பார், எழுத்து பெரிதாக இருந்தால் நல்லது. சேர்வராயன் மலைத் தோட்டங்களில் இந்தக் கதையை வேறு யாராவது கேட்டதுண்டா? ஜனவரி 23-க்குள் சொல்லுங்கள். அன்று நேதாஜி படத்துக்கு மாலை போட்டுவிட்டுத் தெருவையே கூட்டிவைத்துப் பேசுவார்.